திருத்தினால் ஆதரவு

ஒரு காட்டில் ஒரு சபை இருந்தது. ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் சிங்கம் இருப்பது தலைக்காட்டில். எங்களுடையது வெறும் வட்டக்காடு. எங்களுக்கு வாய்த்தது தலைவர் காட்டெருமை மாசிலாமணி, துணைத்தலைவர் நரி பரசுராமன், கொட்டாவி விடும் ஏழு உறுப்பினர்கள், பிறகு எழுத்தராகிய நான். நான் ஓர் ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் பிறவிக்குணம் இருந்ததால் நேர்முகத் தேர்வில் எனக்குத்தான் முதலிடம்.

சட்டம் போடுவது தலைக்காடு. போடுவதற்கு முன் மசோதாவை எங்களுக்கு அனுப்பி, "உங்கள் நிலைப்பாடு என்ன?" என்று கேட்பார்கள். ஒரு மரியாதைக்குத்தான். நிலைப்பாடுகள் ஐந்து: ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு, திருத்தாவிட்டால் எதிர்ப்பு, கவனித்து வருகிறோம். கடைசி மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பதினோரு வருடமாக நான் புதிய உறுப்பினர்களுக்கு விளக்கி வருகிறேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தக் கோடையில் ஒரு மசோதா வந்தது. சுற்றுப்பயணம் போன சிங்கம் எங்கேயோ குளக்கரையில் ஒரு வளைக்குள் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டதாம். அதனால், 'குளங்களுக்கு அருகில் உள்ள வளைகள் அனைத்தும் மூடப்படும்.' நோக்கம் என்ற இடத்தில் 'கரைகளின் பாதுகாப்பு' என்று போட்டிருந்தார்கள். சுளுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையிலேயே பவுனுத்தாயி வந்துவிட்டாள். அவள் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், வாலில் தொற்றிக்கொண்டு ஒரு குட்டி. குளத்தைத் தாண்டி மண்மேட்டில் வளை தோண்டிக் குடியிருப்பவள்.

"ஐயா, அந்தச் சட்டம் வேணாம்னு எழுதிப் போடுங்கய்யா. குட்டி இன்னும் எறும்பு திங்கக்கூடப் பழகல. வளை போச்சுன்னா இந்த வெயில்ல இத எங்க கொண்டுபோயி வைப்பேன்?"

"எழுதிருவோம்மா" என்று தலையாட்டினேன். மனசார ஆட்டினேன். அவள் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள். தவறு அவளுடையது அல்ல.

எழுதத் தடை ஏதும் இல்லை. வருடத் தொடக்கத்தில் கொள்கைப் பட்டியல் ஒன்றை நிறைவேற்றி வைத்திருப்போம். மசோதா அதற்கு ஒத்துவந்தால் சபையைக் கூட்டாமலே தலைவர் கடிதத்தில் குளம்பைப் பதித்து அனுப்பிவிடலாம். பட்டியலைப் புரட்டினேன். 'எங்கள் குடியிருப்புகளில் தலைக்காடு கைவைத்தால் எதிர்ப்போம்' என்றது நான்காவது கொள்கை. 'நீர்நிலைகளைக் காக்கும் எதையும் ஆதரிப்போம்' என்றது ஒன்பதாவது. இரண்டையும் எழுதியவன் நான்தான். இரண்டுக்குமே அன்று கைதட்டல் காதைப் பிளந்தது.

வேறு வழியில்லாமல் இலுப்பை மரத்தடியில் சபை கூடியது.

"எதிர்ப்புன்னே எழுதிருவோமா?" என்றார் தலைவர். அவர் நல்லவர். பக்கத்தில் யாரும் இல்லாதபோது ரொம்ப நல்லவர்.

நரி தொண்டையைக் கனைத்தார். "தாராளமா எழுதலாம் தலைவரே. நம்ம ஓடைக்குப் பாலம் கேட்ட விண்ணப்பம் தலைக்காட்டுலதான் கிடக்கு. அது கிடந்து மக்கட்டும்."

"அப்ப ஆதரவு?"

"வளையில குடியிருக்கிறவங்க ஓட்டுதான் இங்க பாதி. அடுத்த தடவை நீங்க வெறும் காட்டெருமையாத்தான் மேயணும்."

"பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது, அப்படி ஏதாவது சொல்லுங்கப்பா" என்றார் தலைவர். உதாரணத்தை மாற்றச் சொல்லி மூன்றாம் வரிசையிலிருந்து சாரைப்பாம்பு உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார். அதைக் குறிப்பேட்டில் ஏற்றினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்கவே கூடாது. "அருகில்னா எவ்வளவு தூரம்னு மசோதாவுல இல்லீங்க தலைவரே. அதைத் தெளிவாச் சொன்னா ஆதரிப்போம்னு எழுதிட்டா என்ன? ஆதரிச்ச மாதிரியும் இருக்கும், ஆதரிக்காத மாதிரியும் இருக்கும்."

சபை அசந்துபோனது. "இவரு ஓணானே இல்லய்யா, ராஜதந்திரி" என்றார் நரி. அதற்கும் தலையாட்டினேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடிதம் மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்க சிங்கத்தின் பிடரி பற்றி. கடிதத்துடன், 'வட்டக்காட்டாரின் கருத்து கேட்கப்பட்டது' என்று ஒரு சான்றும் கேட்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரார் சொல்வதெல்லாம் எங்கள் குலத்தொழிலைப் பற்றித்தானே.

இருபது நாள் கழித்துத் தலைக்காட்டிலிருந்து எங்கள் பிரதிநிதி, ஒரு கிளி, கைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"வாழ்த்துகள் தலைவரே! நம்ம திருத்தத்தை அப்படியே ஏத்துக்கிட்டாங்க!"

சபையில் ஒரே ஆரவாரம். எங்கள் திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. தலைவர் என்னைக் கட்டிக்கொள்ள வந்தார். அவர் எடையை நினைத்து ஒதுங்கிக்கொண்டேன்.

"என்னன்னு திருத்தியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"அருகில்னா இருநூறு காலடி."

"யார் காலடி?"

"யானை காலடி."

கிளியே தொடர்ந்தார். "நாம கேக்கலன்னா 'அருகில்'னே விட்டுருப்பாங்க. எது அருகில்ங்கிறதை அந்தந்த வட்டக்காடே முடிவு பண்ணிக்கட்டும்னுதான் முதல்ல இருந்துச்சு. நாமதான் தெளிவு வேணும்னோம். திருத்தினா ஆதரவுன்னோம், திருத்திட்டாங்க. ஆதரவுப் பட்டியல்ல நம்ம பேரு முதல் பேரு!"

அடுத்த வாரம் ஒரு யானை வந்து குளத்திலிருந்து நடந்து அளந்தது. நூற்று நாற்பத்தொன்றாவது காலடி பவுனுத்தாயியின் வளைமேலேயே விழுந்தது. மூடும் வேலையும் அத்தோடு முடிந்தது. குட்டியோடு முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் அவள் பிழைத்தாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன், அளவைக் குறித்துக்கொள்ள.

"நீங்க தலையாட்டினீங்களேய்யா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் தலையாட்டினேன்.

இருநூறு காலடிக்கு அப்பால் தோண்ட வருகிற மண் எங்கள் காட்டில் ஓரிடத்தில்தான் உண்டு. சபை கூடும் இலுப்பை மரத்தடி. பவுனுத்தாயி அங்கே போய்த் தோண்டினாள். சட்டப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் தலைவர் உரையாற்ற எழுந்தபோது அவருடைய பின்னங்கால் தொடை வரை மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே குட்டி கீச்சிட்டது.

"அவசரத் தீர்மானம்!" என்றார் நரி.

கொள்கைப் பட்டியலை யாரும் கேட்கவில்லை. ஓட்டு எத்தனை போகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. சாரைப்பாம்பு உறுப்பினர்கூட, தானும் வளைவாசி என்பதை மறந்து வாலைத் தூக்கினார். எங்கள் ஐந்து நிலைப்பாடுகளிலும் இல்லாத 'கடும் எதிர்ப்பு' என்ற ஆறாவது நிலைப்பாடு அன்று பிறந்தது. 'சபை மரத்தடியில் வளை கூடாது. உடனே காலி செய்க.' அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே தெளிவான தீர்மானம் அதுதான்.

அதை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இது வேணாம்னு சொல்றதுன்னா யாருகிட்டய்யா எழுதிக் குடுக்கணும்?"

"சபைக்குத்தாம்மா எழுதணும். எழுத்தர்கிட்டக் குடுத்தாப் போதும்."

அவள் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தாள். பின்னால் தலைவரின் காலை எல்லோருமாகச் சேர்ந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீதி: உன் வீட்டுக்கு ஆபத்து என்று சபையிடம் போய் அழாதே, ஐந்து விதமாக யோசிப்பார்கள். சபையின் காலுக்கு ஆபத்து உண்டாக்கு, ஒரே மனதாக முடிவெடுப்பார்கள். உனக்கு எதிராகத்தான், ஆனாலும் வேலை அன்றைக்கே முடியும்.