வலது என்ஜின்

தனியாருக்குச் சொந்தமான சிறு விமானங்களை ஆண்டுக்கொரு முறை ஆய்வு செய்வதற்கென்று அரசாங்கம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அதில் எழுபத்திரண்டு கட்டங்கள். எழுபத்திரண்டும் நிரம்பியிருந்தால் விமானம் பறக்கும். ஒன்று காலியாக இருந்தாலும் பறக்காது. பறப்பதற்கு என்ஜின் தேவை என்பதெல்லாம் மெக்கானிக்குகளின் மூடநம்பிக்கை. விமானம் நிறுத்துகிற எங்கள் ஹேங்கரில் அந்தக் கட்டங்களை நிரப்புகிற குமாஸ்தா நான். இருபத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு கட்டம்கூடக் காலியாகப் போனதில்லை.

எங்கள் முதலாளி விமானம் வாங்கியதற்கு ஒரே காரணம், அவருடைய சம்பந்தி வாங்கியதுதான். சம்பந்தியுடையது வெள்ளை, ஆகவே இது கறுப்பு. மூக்கில் ஒற்றை டர்போப்ராப் என்ஜின், அதன் முன்னால் ஒரு ப்ரொப்பெல்லர், உள்ளே எட்டு இருக்கைகள். இருக்கைத் தோலுக்கு நிறம் தேர்ந்தெடுக்க ஐந்து மாதம் பிடித்தது. என்ஜினைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, அதற்கும் கறுப்பு அடிக்க முடியுமா என்பது.

அந்த வருஷத்து ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். என்ஜின் எண்ணெய்க்குள் ஒரு காந்தம் இருக்கும். உள்ளே எதுவும் தேய்ந்தால் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். குப்பியில் அரை ஸ்பூன் துகள் இருந்தது.

"உள்ள என்னமோ அரைபடுது. பிரிச்சுப் பாக்காம இதை மேல ஏத்தக் கூடாது. இருக்கறதே ஒரு என்ஜின். அது வழியில நின்னா, இறங்கித் தள்ளவா முடியும்?"

அவர் பதறியதில் நியாயம் உண்டு. விமானத்தை ஓட்டுகிறவர் அவருடைய தங்கை புருஷன்.

முதலாளியிடம் போனோம்.

"பிரிச்சா எத்தனை நாள் ஆகும்?" என்றார்.

"ரெண்டு மாசம்."

"வியாழக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்களை ஏத்திட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அதிகாரி வரட்டும். அவர் பறக்கலாம்னு சொன்னா பறக்கும்."

அதிகாரி வந்தார். விமானத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுத மட்டும் கட்டம் இருந்தது, எழுதினோம். அந்த வருஷம் படிவத்தைத் திருத்தியமைத்திருந்தார்கள். சகல வகை விமானங்களுக்கும் ஒரே படிவம் என்பது மேலிடத்தின் சாதனை.

"என்ஜின், இடது," என்று படித்தார்.

"நடுவுல இருக்கு சார்," என்றார் மெக்கானிக்.

"நடுவுக்குக் கட்டம் இல்லியே. இடதுன்னே வச்சுக்குவோம். வலது என்ஜின் எப்படி?"

"அது இல்ல சார்."

"இல்லன்னா, காணாமப் போச்சா?"

"எப்பவுமே இருந்ததில்ல."

"இத்தனை வருஷத்துல அதைப் பத்தி ஒரு புகாராவது வந்திருக்கா?"

"இல்லாத என்ஜினைப் பத்தி யார் சார் புகார் பண்ணுவாங்க?"

"அப்ப புகார் இல்ல," என்று என்னைப் பார்த்தார். வலது என்ஜின், புகார் ஏதுமில்லை என்று எழுதினேன். எண்ணெய்க் கசிவு? இல்லை. அதிர்வு? இல்லை. ஓடிய நேரம்? பூஜ்யம். அதிகாரி முகம் மலர்ந்து, "இவ்வளவு நல்லா ஒரு என்ஜினை யாரும் வச்சிருந்து நான் பாத்ததில்ல," என்றார்.

மெக்கானிக் குப்பியை நீட்டினார். அதிகாரி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது இடதோடதுதானே? அப்ப இடது என்ஜின் பழுது. எழுதிக்குங்க."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதிகாரி விதிப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார். இரண்டு என்ஜின்களில் ஒன்று பழுதானால் மற்றதைக் கொண்டு பறக்கலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆணையை எழுதினேன்: 'மேற்படி விமானத்தின் பழுதான இடது என்ஜினை எக்காரணம் கொண்டும் இயக்காமல், குறையேதுமற்ற வலது என்ஜினைக் கொண்டு பறக்க இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.' முத்திரை விழுந்தது.

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஆணையை இன்னொரு தரம் படித்தார். நேரே போய் ப்ரொப்பெல்லரை வார்ப்பட்டை போட்டு இறுக்கிக் கட்டினார்.

வியாழக்கிழமை சம்பந்தி குடும்பம் கறுப்புக் கண்ணாடி சகிதம் வந்து ஏறியது. ஜன்னல் திரைகளை மெக்கானிக் இழுத்து மூடியிருந்தார். விமானம் ஹேங்கருக்குள்ளேயே நின்றது. அரை மணி கழித்து முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எப்பய்யா கிளம்பும்?"

"கிளம்பி அரை மணி ஆச்சு," என்றார் வழியனுப்ப வந்திருந்த அதிகாரி. "ஆணையில கிளம்பற நேரம் ஒன்பதுன்னு போட்டிருக்கு."

முதலாளி கத்தத்தான் போனார். அதற்குள் உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் கேட்டது. "என்ன சம்பந்தி இது, சத்தமே இல்ல? ஒரு குலுக்கல் இல்ல. எங்களோடதுல ஏறினா காது அடைச்சுப் போகுது."

முதலாளி அப்படியே திரும்பி ஏறிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் இறங்கி, ஏணியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போன இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போய்விட்டு வந்தவர்களைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் விமானம் இரண்டு மணி நேரம் பறந்தது. சத்தமில்லாமல் பறப்பதுதான் இப்போது நாகரிகம் என்று பெரிய வீடுகளில் பேச்சு பரவியது. மெக்கானிக்குக்கும் நிம்மதி, தங்கை புருஷன் தரையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். நான் வாராவாரம் வலது என்ஜின் கணக்கில் இரண்டு மணி ஏற்றினேன். விமானியின் பதிவேட்டிலும் ஏற்றினேன். என்ஜினைப் பிரிக்க அனுமதி கேட்டு மெக்கானிக் ஐந்து கடிதம் எழுதினார். ஓடாத என்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை என்று ஐந்து பதில் வந்தது.

ஒரு வருஷம் கழிந்தது. சம்பந்திக்கு ஆசை தாங்கவில்லை. வெள்ளையைத் தள்ளிவிட்டுக் கறுப்பை வாங்கிக்கொண்டார். கூடவே விமானியையும் கேட்டார். நூற்றுச் சொச்ச மணி நேரம், ஒரு சின்ன விபத்துகூட இல்லாத விமானி வேறு யார் இருக்கிறார்?

சம்பந்தி கடல் தாண்டிப் போக வேண்டும் என்றார். அதிகாரி மறுபடி வந்தார். இடது என்ஜின்மேல் ஓராண்டாக எந்தப் புகாரும் வராததால் குறை தானாக நீங்கியதாகக் கருதப்படும் என்று ஆணை போட்டார். இதற்கும் விதி இருந்தது.

இன்று காலை மெக்கானிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு விமானியிடம் ஓடினார்.

"மாப்பிள்ளை, இது நிஜம். பாருங்க. உள்ள அப்படியே இருக்கு. என் தங்கச்சியை நினைச்சுப் பாருங்க."

விமானி குப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது போன வருஷத்துது மச்சான். குறை நீங்கிடுச்சுன்னு ஆர்டரே வந்திருக்கு. அப்படியே நின்னாலும், வலது இருக்கில்ல? நூறு மணிக்கு மேல அதுல ஓட்டியிருக்கேன், ஒரு தடவை கூடத் தகராறு பண்ணதில்ல."

"அது ஹேங்கருக்குள்ள நின்ன கணக்கு மாப்பிள்ளை."

"உங்க ஆபீஸ்ல எழுதினதுதானே? பொய்யா எழுதுவாங்க?"

மெக்கானிக் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது விமானம் ஓடுபாதை ஓரத்தில் நிற்கிறது. உள்ளே சம்பந்தி, அவர் மனைவி, மகள், எங்கள் முதலாளியின் மகன், விமானி. மெக்கானிக் முன்னால் நின்று ப்ரொப்பெல்லரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விட மாட்டேன் என்கிறார். அவரை இழுக்கப் போன இரண்டு பேரை உதைத்துவிட்டார்.

எழுபத்திரண்டாவது கட்டம், 'கிளம்பத் தடை ஏதும் உண்டா?' அது மட்டும்தான் பாக்கி. அதிகாரி என் பக்கத்தில் நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்க்கிறார்.

"அந்த ஆள் பிடிச்சுக்கிட்டிருக்கறது இடதா, வலதா?"

"இடது சார்."

"அப்ப வலதுல கிளம்பச் சொல்லுங்க. தடை இல்லன்னு போடுங்க."

பேனா என் கையில்தான் இருக்கிறது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை பொறுக்காது.