ராகுகால மாமாவும் காருக்கு அடியில் கேட்ட சத்தமும்

ராகுகாலத்துக்குப் பயப்படாதவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ராகுகாலமே பார்த்துப் பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு அவர் ராகுகால மாமா.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்தது ராகுகாலத்தில். வீட்டுக்குப் பால் காய்ச்சியது அஷ்டமியன்று, அதிலும் எமகண்டம் பார்த்து. "நல்ல நேரம் பாத்துக் கெளம்பறவாதான் எல்லாரும் ஒண்ணா டிராஃபிக்ல மாட்டிக்கறா. ராகுகாலத்துல ரோடு எனக்கு மட்டும்தான்" என்பார். ஆயுத பூஜையன்று நாங்கள் எல்லோரும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது, கையில் ஜாடியும் சர்க்கரை டப்பாவுமாக இறங்கி வருவார். நசுக்குவதற்கு முன்னால் பழத்தைத் தன்னிடம் கொடுத்தால் ஜூஸ் போட்டுத் தருவதாகச் சொல்வார். ஒரு வருஷம் இரண்டு பேர் மனம் மாறிக் கொடுத்தார்கள். ஜூஸ் நன்றாகவே இருந்தது.

கீழ்வீட்டுக்காரர் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார். வந்து சேர்ந்த நேரம் ராகுகாலம். முடிகிற வரைக்கும் டெம்போவிலேயே இருக்கட்டும் என்று காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் சமையலறையில் நிற்கிறது. மாமா டெம்போக்காரர்களிடம் பேசி உள்ளே இறக்க வைத்துவிட்டார். இப்போதும் கீழ்வீட்டுக்காரரைப் படிக்கட்டில் பார்த்தால் மாமா கேட்பது ஒரே கேள்விதான். "ஐஸ் ஒழுங்கா உறையறதோன்னோ?"

இப்படிப்பட்டவர் எங்கள் காருக்குள் வந்து சேர்ந்தது என் மனைவி மாலதியால். மாலதி ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அக்காவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக ஆள் இல்லை. நான் அலுவலகம் போய்விடுவேன். எங்கள் வீட்டிலோ ஓட்டுப் போடும் வயதை நெருங்கிய ஒரு கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. உரிமம் வாங்கிவிட்டாள். ரோட்டில் ஓட்டத்தான் தைரியம் வேண்டியிருந்தது.

அந்தத் தைரியத்தை வளர்க்கிற வேலையில் நான் முதல் நாளே தோற்றுப்போனேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. வாய் தானாகக் கத்துகிறது. மாலதி வண்டியை ஓரம் கட்டி, என்னை இறங்கி நடந்து வரச் சொன்னாள். இதை மாடியிலிருந்து பார்த்த மாமா, பின் சீட்டுக்குத் தானே வருவதாக முன்வந்தார். அவள் பஸ்ஸை உரசுகிற மாதிரி போனாலும் அவர் பின்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "நீ ஓட்டும்மா, பஸ்காரன் பாத்துப்பான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, ராகுகாலம் பிறந்த கையோடு கிளம்பி பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் போய் வருவார்கள். கொஞ்ச நாளில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. கடற்கரையில் நாங்கள் காற்று வாங்கும் நேரத்தில் மாமா அங்கே குதிரை சவாரி விடுகிறவரோடு பேசிக்கொண்டு நிற்பார். குதிரைக்கு ராகுகாலம் கிடையாது என்று விளக்குகிறார் போலிருக்கிறது என்று நாங்கள் சிரிப்போம்.

மாலதி தனியாக மேற்கு மாம்பலம் போய், அக்காவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போய்த் திரும்பி வந்த அன்று, வீட்டில் பாயசம் வைத்தாள். அதற்கு அடுத்த முறைதான் சத்தம் ஆரம்பித்தது.

காருக்கு அடியில் எங்கோ இருந்து வந்தது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு டக். வேகத்தடையில் ஏறினால் டடக் டடக். நல்ல ரோட்டில் ஒன்றுமே இல்லை. நான் மெக்கானிக்கிடம் போகலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் என்றால் இன்ஜினையே இறக்கிவிடுவான், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து நாமே கண்டுபிடிக்கலாம், அதுதான் விஞ்ஞானம் என்றார்.

விஞ்ஞானம் டிக்கியில் தொடங்கியது. ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, என் பையன் விட்டுப்போன கிரிக்கெட் மட்டை, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று தெரியாத ஒரு தாம்பூலப் பை, எல்லாவற்றையும் எடுத்து எங்கள் ஹாலில் வைத்தார். சத்தம் நிற்கவில்லை. ஹாலில் சோபாவுக்குப் போக வழி இல்லாமல் போயிற்று. அடுத்து, மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் உள்ள வேகத்தடைகளைத் தரம் பிரித்தார். இது முன் சக்கரத்துக்கான மேடு, அது பின் சக்கரத்துக்கான மேடு என்று ஒவ்வொன்றின் மேலும் ஏறி இறங்க வைத்தார். எங்கள் இடுப்பிலும் சத்தம் வர ஆரம்பித்தது.

பிறகு எவர்சில்வர் டம்ளர். அதைக் கவிழ்த்துக் காரின் தரையில் வைத்து, அடிப்பக்கத்தில் காதை வைத்தால் டாக்டர் குழாய் வைத்தது மாதிரி கேட்குமாம். வயதானவர் குனியக் கூடாது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். பின் சீட்டுக்குக் கீழே நான் படுத்துக்கொண்டேன். என் கால்கள் மாமாவின் மடியில். மாலதி ஓட்ட, லஸ் சிக்னலில் வண்டி நின்றது. ஒரு போக்குவரத்துக் காவலர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கீழ யாரு?"

"வீட்டுக்காரர்தான். சத்தம் கேக்கறார்" என்றார் மாமா.

"இன்னா சத்தம்?"

"அதுதான் தெரியலை."

காவலர் மாலதியை ரொம்ப நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சிக்னல் விழுவதற்கு முன்பே போகச் சொல்லிக் கை காட்டினார்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். காருக்கு அடியில் போய்ப் பார்க்கிற வேலையை மாமா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுபதைத் தாண்டியவர், பழைய வேஷ்டியை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்துவிடுவார். என்னைக் கிட்டேயே வர விடமாட்டார். ரொம்ப நேரம் கழித்து கிரீஸும் புழுதியுமாக வெளியே வந்து, "அடியில ஒண்ணும் இல்லை, சுத்தமா இருக்கு" என்பார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் உள்ளே போய் வந்தால் சில நாளுக்குச் சத்தம் குறையும். பிறகு மெல்லத் திரும்ப வரும். மாமாவுக்குக் கைராசி என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

இந்தக் கூத்தில் நாங்கள் மறந்துபோனது மாலதியை. ஒரு மாலை, அக்காவை வீட்டில் விட்டுத் தனியாகத் திரும்பும்போது, துரைசாமி சுரங்கப்பாதையில் இறங்கியதும் சத்தம் டடக் டடக் என்று வந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் அது இரண்டு மடங்காகக் கேட்டிருக்கிறது. சக்கரம் கழன்று விழப்போகிறது என்று நினைத்து அப்படியே நிறுத்திவிட்டாள். பின்னால் அத்தனை வண்டிகளும் ஹார்ன் அடித்திருக்கின்றன. யாரோ ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து தைரியம் சொல்லி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள்.

"இனிமே நான் ஓட்டலைங்க. ஆட்டோலயே போய்க்கிறேன். இந்த வயசுல இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அப்போது மாமாவும் எங்கள் ஹாலில், ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனார்.

போதும் விஞ்ஞானம் என்று சனிக்கிழமை காலை காரைத் தேனாம்பேட்டைக்குக் கொண்டு போனேன். அங்கே சலீம் பாய் என்று தெரிந்த மெக்கானிக். மாலதி முன் சீட்டில் பயணியாக உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடாமலே மாமா பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம், இன்றைக்கு வேண்டாமே, காபி குடித்துவிட்டுத் திரும்பலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பாய் வண்டியை மேலே தூக்கி, டார்ச் அடித்து, நிமிஷத்தில் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னா சார் இது, காருக்கு லாடம் கட்டிகினு வந்துகீறீங்க?"

போய்ப் பார்த்தேன். அடியில் குறுக்கே போகிற இரும்புச் சட்டத்தில், கட்டுக்கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஒரு குதிரை லாடம் தொங்கிக்கொண்டிருந்தது. தேய்ந்த, அசல் லாடம். கம்பி தளர்ந்து, அசையும்போதெல்லாம் சட்டத்தில் போய் இடித்திருக்கிறது. வாசல் நிலையில் லாடம் அடிப்பார்கள். காருக்கு அடியில், அதுவும் யார் கண்ணுக்கும் படாமல் கட்டியதை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவனோ ஒரு மடையன் செய்த காரியத்தால் இத்தனை நாள் என்ன பாடு பட்டோம் என்று பாயிடம் பொரிந்து தள்ளினேன்.

"அந்த மடையன் நான்தான்" என்றார் மாமா.

பாய் டார்ச்சை அணைத்தார். மாமா எங்கள் யாரையும் பார்க்காமல் காரின் சக்கரத்தைப் பார்த்தே பேசினார். மாலதி முதல் தடவை தனியாகப் போய் வந்த மறுநாள், பெசன்ட் நகர் குதிரைக்காரரிடம் கேட்டு வாங்கினாராம். குதிரை காலிலிருந்து தானாக விழுந்த லாடமாக இருந்தால்தான் விசேஷம் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். அடியில் போகும்போதெல்லாம் சத்தம் வராமல் கம்பியை முறுக்கி இறுக்கினாராம். அது நிற்கவில்லை. அவிழ்த்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாராம், கை வரவில்லையாம்.

"நீங்களா மாமா? உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே" என்றேன்.

"இப்பவும் கிடையாது. ராகுகாலத்துல நான் கெளம்பறேன், எமகண்டத்துல பால் காய்ச்சறேன். அது என் உசிரு, நான் பந்தயம் வைப்பேன். இவ தனியா போறாளேப்பா. அடுத்தாத்துப் பொண்ணை வச்சு நான் பந்தயம் கட்ட முடியுமா?"

இத்தனை வருஷத்தில் ஏழு நாளின் ராகுகாலத்தையும் காலண்டர் பார்க்காமல் சொல்லக்கூடியவர் எங்கள் அடுக்ககத்தில் இவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாலதி லாடத்தைப் பாயிடமிருந்து வாங்கினாள். புடவைத் தலைப்பால் கிரீஸைத் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. துடைத்து முடித்து, பாயிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பாய், இதையே திரும்பக் கட்டுங்க. சத்தம் மட்டும் வராம."

பாய் பழைய சைக்கிள் டியூபை வெட்டி லாடத்தைச் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினார். மாலதி என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதைத் தாண்டியிருந்தது. சனிக்கிழமை.

"ஒரு காபி சாப்பிட்டுட்டு, பத்தரைக்கு மேல கெளம்பலாமே" என்றார், ரொம்ப மெல்லிய குரலில்.

"ராகுகாலத்துல ரோடு காலியா இருக்கும், ஏறுங்க மாமா" என்றாள் மாலதி.

அவர் ஏறினார். ரோடு காலியாக இல்லை. ஆனால் அடியில் ஒரு சத்தமும் இல்லை.

மாலதியின் அக்கா இப்போது நன்றாக நடக்கிறாள். மாலதி காஞ்சிபுரம் வரைக்கும் ஓட்டிப் போகிறாள். மாமா இரண்டாவது மாடியில் அதே ராகுகாலத்தோடு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். லாடத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை.

மாலதி தனியாகத் தூரம் போகிற நாட்களில், காலையில் நான் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கி, குனிந்து கையை உள்ளே விட்டு அந்த கிளாம்பை ஆட்டிப் பார்க்கிறேன். எனக்கும் நம்பிக்கையெல்லாம் கிடையாது. அநேகமாக நான் போவதற்கு முன்பே, பழைய வேஷ்டியை விரித்து மாமா அங்கே படுத்திருப்பார்.