யுசுகியின் நோட்டு

மூன்றாம் நாளும் அந்தச் சிறுமி பின்னாலேயே நின்றாள். சிசாத்தோ ஓரடி நகர்ந்தால் அவளும் ஓரடி நகர்ந்தாள். கையில் சின்ன நோட்டு, காதில் பென்சில்.

"என்ன யுசுகி, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்லே டீச்சர். நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

"பதினொண்ணு இருக்கும்."

யுசுகி எழுதிக்கொண்டாள்.

சிசாத்தோ இன்னும் டீச்சர் அல்ல, ஆகப் போகிறவள். ஹிமேஜி நகரப் பள்ளி ஒன்றின் இந்த நாலாம் வகுப்புக்குக் கல்லூரியிலிருந்து மூன்று வாரப் பயிற்சிக்கு வந்திருந்தாள். தேறினால்தான் ஆசிரியர் உரிமம். தவறினால் நாலு வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி. அதைத் தீர்மானிக்கிறவர் வகுப்பாசிரியை குவபாரா. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிற அம்மாள். இந்தப் பெண்ணை விட்டு வேவு பார்ப்பது அவர்தானோ? அந்த நோட்டில் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் சிசாத்தோவுக்கு மண்டை குடைந்தது.

மதியம் பள்ளியில் கொடுக்கிற சாப்பாட்டை எல்லோரும் வகுப்பிலேயே சாப்பிட்டார்கள்.

"டீச்சர், குடைமிளகாயை ஒதுக்கிட்டீங்க," என்றாள் யுசுகி, எழுதியபடியே.

போச்சு, சாப்பாட்டிலும் மார்க் குறைகிறது. மறுநாள் சிசாத்தோ ஒரு பருக்கை விடாமல் தின்று, இன்னொரு கிண்ணமும் வாங்கித் தின்றாள். வயிறு பொறுக்குமா? ஐந்தாம் பாடவேளையில் கழிப்பறைக்கு ஓடினாள். கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. கெட்டியாவா, தண்ணியாவா?"

இவளை நம் பக்கம் இழுத்துவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை ஒரு பையன் வராததால் ஒரு புட்டிங் மிஞ்சியது. சிசாத்தோ அதை எடுத்து யுசுகியின் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான், வகுப்பே எழுந்து நின்றது. மிஞ்சியதைக் கல்-கத்தரி-காகிதம் போட்டு ஜெயித்தவர்தான் தின்ன வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு.

"இது அநியாயம் டீச்சர்," என்றான் ரெந்தாரோ. கரும்பலகை துடைப்பது அவனுக்குக் கொடுத்த பொறுப்பு. நியாயம் பேசுவது அவனாக எடுத்துக்கொண்டது. "வேணும்னா நீங்களும் போட்டிக்கு வாங்க."

சமாதானத்துக்காகப் போனவள் ஜெயித்துத் தொலைத்தாள். இருபத்தொன்பது ஜோடிக் கண்கள் பார்க்க, அந்தப் புட்டிங்கைத் தனியாகத் தின்று முடித்தாள். யுசுகி அதையும் எழுதினாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வகுப்பைக் கூட்டித் துடைக்கிற நேரம். யுசுகி துணி அலசப் போயிருந்தாள். சிசாத்தோ அவள் மேசைக்குள் கையை விட்டாள்.

"பிள்ளைங்க மேசையைக் குடையறதும் உங்க பயிற்சியில உண்டாம்மா?"

துடைப்பத்தோடு பின்னால் நின்றார் குவபாரா. சிசாத்தோவுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

கடைசி வாரத்தில், தலைமையாசிரியரும் மற்றவர்களும் பின்னால் நின்று பார்க்கும் பாடம் வந்தது. இதில் சொதப்பினால் எல்லாம் முடிந்தது. பின்னக் கணக்கு. "முக்கால்" என்று சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. யுசுகி கை தூக்கினாள்.

"டீச்சர், நீங்க இன்னிக்குத் தண்ணியே குடிக்கலே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிசாத்தோ மடக்மடக்கென்று குடித்தாள். குரல் வந்தது; குரலோடு பாடமும் வந்தது.

கடைசி நாள் மாலை குவபாரா தாளை நீட்டினார். "தேறிட்டீங்க. இனிமே மேசையைக் குடையாதீங்க."

"யுசுகியோட நோட்டைப் பார்த்துட்டுமா பாஸ் போட்டீங்க?"

"எந்த நோட்டு?" என்றார் குவபாரா.

விடைபெற வகுப்புக்குப் போனாள். யுசுகி தேம்பித் தேம்பி அழுதுகொண்டே நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். சிசாத்தோ ஆவலாகத் திறந்தாள்.

'நன்றாகத் தின்கிறது. கூட்டத்தைக் கண்டால் மிரள்கிறது. வயிறு சரியாகிவிட்டது. தண்ணீர் காட்டினால் குடிக்கிறது.'

"என்னடா இது?" என்று பக்கத்திலிருந்த ரெந்தாரோவைக் கேட்டாள். "இவ எதுக்கு அழறா?"

"சந்தோஷத்துல டீச்சர். வகுப்புப் பிராணிங்களைப் பார்த்துக்கறது அவ பொறுப்பு. தங்கமீன் செத்துச்சு, ஆமையும் செத்துச்சு, வேற எதுவும் இல்லேன்னு உங்களை ஒப்படைச்சோம். அவ கையிலேருந்து உயிரோட போற முதல் ஆள் நீங்கதான்."