பட்டாளத்து ஜோடியைச் சனிக்கிழமைக்குள் அழைத்துக்கொண்டு போவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் பெண்டாட்டியும் இருக்கட்டும். இங்கே என் சலவைக் கடையில் ஏழு பேரில் ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள். செத்துப்போன ஏழாவது ஆள் நான். கடைக் கரும்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத் திடுக்கிட்டு உட்கார்ந்துவிடாதே. நான் உட்கார்ந்து இரண்டு மாசம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

நீ எழுதிய கடிதம் இதோ மேசைமேல் இருக்கிறது. "பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத்தான் லாபம் அக்கா, நேரம் தவற மாட்டார்கள், பெண்டாட்டியையும் சேர்த்து எடுத்துக்கொள், மூன்று மாசம் வைத்துப் பார்" என்று எழுதியிருக்கிறாய். நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள் என்று ஏன் எழுதவில்லை? ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக என் கடைக்கு முதலில் வருகிறவள் நான். இப்போது நான் சாவியோடு வரும்போது பட்டாளம், கடையில் அவருக்கு அதுதான் பெயர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக வணக்கம் சொல்கிறார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. எட்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிற நம் இஸ்திரிக்காரர்கூட இப்போது அவர்களோடு வந்து நிற்கிறார். கேட்டால், "சும்மா, தூக்கம் வரலம்மா" என்கிறார். பதினோரு வருஷமாக வந்த தூக்கம்.

பட்டாளத்தின் பெண்டாட்டியை வேலைக்கு எடுக்கும்போதே எனக்குச் சந்தேகம். பத்தொன்பது வருஷத்தில் பத்து இடத்தில் வேலை பார்த்திருக்கிறாள். "ஒரு எடத்துல ஒட்ட மாட்டியா நீ?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். கோபப்படவே இல்லை. "நான் எங்கம்மா ஓடினேன்? அவரை மாத்திக்கிட்டே இருந்தாங்க. நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனேன். இப்ப வேலை கேட்டுப் போன எடத்துல எல்லாம் இதையேதான் கேட்டு அனுப்பிட்டாங்க," என்றாள். வந்த பத்தாம் நாள், நம் வண்டிக்காரன் ஏன் எப்போதும் தாமதமாக வருகிறான் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவன் பெயரே கடையில் அவசரம். ஆஸ்பத்திரிக்கு நம் துணி கொண்டுபோகும் வழியில் அவன் மாமியார் வீடு இருப்பது எனக்கே தெரியாது. புது இடத்தில் போய் இறங்கினால் ஒரு வாரத்தில் யார் எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் பிழைக்க முடியாதாம்.

பட்டாளம் வந்த முதல் நாள் செய்தது என்ன தெரியுமா? எனக்கு முன்னால் நின்று, "காயவைக்கிற மிஷினுக்குப் பின்னாடி கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்று கேட்டார். மிஷினுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றேன். முதல் மிஷினைச் சுவரைவிட்டு இழுத்தார். ஒரு மூட்டை பஞ்சுத் தூசி. இரண்டாவதை இழுத்தார். இன்னொரு மூட்டை. எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மூன்றாவது மிஷினில் கை வைக்கக்கூடாது, ஆஸ்பத்திரித் துணி நின்றுபோகும் என்று நான் தடுத்துவிட்டேன். "உத்தரவும்மா," என்று ஒதுங்கிக்கொண்டவர் அதை நோட்டில் தேதி போட்டு எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. பதினோரு மணிக்குத் திடீரென்று விசில். எல்லோரும் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடுகிறார்கள். நான் என்ன ஏது என்று விசாரித்து, கல்லாவைப் பூட்டி, பாதி டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தால், இது தீப்பிடித்தால் ஓடுவதற்கு ஒத்திகையாம். பட்டாளம் கடிகாரத்தைப் பார்த்து, ரொம்பப் பணிவாக, "அம்மா, நீங்க செத்து ஏழு நிமிஷம் ஆச்சு," என்றார். என் கடை வாசலில், என் ஆட்களுக்கு முன்னால், நடுத்தெருவில். துவைக்கிற பெண்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவசரம் மட்டும் துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, "அப்ப இன்னைக்கு லீவாங்க?" என்று கேட்டான். அதை நான் மறக்கமாட்டேன். உள்ளே வந்தால் கரும்பலகையில் "உயிரோடு 6, இல்லை 1 (முதலாளி)" என்று அழகான கையெழுத்து.

இனி எவன் விசில் ஊதினாலும் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த திங்கள் ஊதினார், எழவில்லை. அதற்கடுத்த புதன்கிழமையும் ஊதினார். திங்கள்தானே ஊத வேண்டும், ஏன் புதன் ஊதுகிறார் என்றுகூட யோசிக்காமல் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். கருகல் வாடை வந்தது. இஸ்திரிக்காரர் எதையோ தீய்த்துவிட்டார் என்று அவரைத்தான் திட்டினேன். உண்மையிலேயே, நான் இழுக்கவிடாத அந்த மூன்றாவது மிஷின், பின்னால் இருந்த தூசி பற்றி எரிந்துகொண்டிருந்தது. பட்டாளம் தீயணைக்கிற சிலிண்டரைப் பிடித்து நுரையை அடித்துக்கொண்டே, "ஏழு இருக்கணும், ஆறுதான் இருக்கு," என்று கத்த, அந்தப் பெண் புகைக்குள் நுழைந்து என்னிடம் வந்தாள். தீ என்று சொல்லவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. காதோரம் குனிந்து, "அம்மா, உங்க தம்பி வீட்டம்மா வாசல்ல வந்து நிக்கிறாங்க. உள்ள வந்து உங்க நாற்காலியில உக்காரலாமான்னு கேக்கறாங்க," என்றாள்.

கடை திறந்த அன்று, செவ்வாய்க்கிழமை, தூறல், உன் பெண்டாட்டி நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து "காத்து நல்லா வருதே" என்றது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. நான் எழுந்து போன வேகத்துக்கு வழியில் நுரை அடித்துக்கொண்டிருந்த பட்டாளமே இரண்டடி பின்னால் நகர்ந்தார். தெருவில் உன் பெண்டாட்டி இல்லை. திரும்பிப் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரே கரும்புகை. என்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டாளே என்ற அதிர்ச்சி இன்னும் போகவில்லை. நம் குடும்பச் சண்டையை நான்தான் நாலு தடவை சொன்னேன், மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், இவள் ஒருத்தி கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவசரம் மாமியார் வீட்டில் நிற்காமல் ஓட்டியதில் ஆஸ்பத்திரித் துணி வேறு பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. அங்கேயும் பயந்துவிட்டார்கள்.

இப்போது கடை மாடி அறையில்தான் குடியிருக்கிறார்கள். எந்த ஊருக்குப் போனாலும் எப்படியும் கிளம்பத்தானே வேண்டும் என்று ஒரு பெட்டியை மட்டும் பிரிக்காமலே வைத்திருப்பார்களாம். நேற்று வந்து, "அதைப் பிரிக்கலாமாம்மா?" என்று கேட்டாள். சனிக்கிழமை மூன்று மாசம் முடிகிறது, அப்போது சொல்கிறேன் என்றேன். ஆகவே நீ சனிக்கிழமைக்குள் வந்து இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விடு. என் வயசுக்கு இவ்வளவு ஒழுங்கு ஆகாது. பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல பெயர் எடுக்கட்டும், உன் முட்டிவலி குறையட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. எதிர் லாட்ஜ் முதலாளி தீப்பிடித்த அன்று தெருவில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். மறுநாளே பட்டாளத்தம்மாவிடம் வந்து, "ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடுங்க, சம்பளம் கூடவே தர்றேன்," என்றான், என் காதுபட. அவள், "அம்மாவைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவர்களை அனுப்பியது நீ என்று தெரிந்து உன்னிடம் விசாரிக்க வெள்ளிக்கிழமை வருகிறான். மேலே எழுதியதை அவனிடம் நீட்டு. அதில் அழைத்துக்கொண்டு போ என்பதைத் தவிர எல்லாம் நிஜம். இன்று காலையே இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டேன், மாடியில் பெட்டி பிரிக்கிற சத்தம் கேட்கிறது. படித்த பிறகும் அவன் அசையாவிட்டால், பட்டாளம் லாட்ஜுக்கு வந்தால் சமையலறை அடுப்பை இழுத்துப் பின்னால் பார்ப்பதில் இருந்துதான் ஆரம்பிப்பார் என்று மட்டும் சொல். அதற்குமேல் அவன் உன் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கமாட்டான்.