கையால் தீர்த்துக்கொள்ளச் சொன்ன கம்ப்யூட்டர்

மேன்மைமிகு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

காரணம் நீங்கள்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் கால்நடை வைத்தியக் கையேட்டின் ஒவ்வொரு திருத்தத்தையும் பத்திரமாக வைத்திருக்கும் என்று, உங்கள் ஆபீசில் நீங்களே உருவாக்கும் மென்பொருளை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொடுத்தீர்கள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் தமிழிலேயே பதில் சொல்லும் என்றீர்கள். சொன்னது. செவ்வாய்க்கிழமை கன்றுக் காய்ச்சல் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பினேன். அதே பக்கத்தை எனக்கு முன்னாலேயே அத்தையும் திருத்தி அனுப்பியிருக்கிறாள். திரையில் வந்தது: "மோதல். கையால் தீர்த்துக்கொள்ளவும்." அத்தை எட்டிப் பார்த்து, "இந்த மனுஷன்கிட்ட வாயால பேசிப் பிரயோஜனமில்லேன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாள்.

பதறிப்போய்ப் பழைய பிரதிக்குத் திரும்பலாமென்று எதையோ தட்டினேன். "நீங்கள் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் இருக்கிறீர்கள்" என்றது. மாப்பிள்ளை, நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன்! இன்னொன்று தட்டினேன். "உயிர்க்கொல்லிப் பிழை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஒரு வருஷ உழைப்பு போயே போச்சுன்னு அப்படியே உட்கார்ந்துட்டேன். உங்களுக்குப் போன் போட்டால், "ஒண்ணும் அழியலை மாமா, அதெல்லாம் இங்கிலீஷ் கம்ப்யூட்டர் வார்த்தைகளை அப்படியே தமிழாக்கினது, ரெண்டு பேர் எழுதினதும் அப்படியே இருக்கு" என்று சிரிக்கிறீர்கள். அதை அது சொன்னால் குறைந்தா போய்விடும்?

நாற்பது வருஷம் மாட்டு டாக்டராக இருந்தவன் நான். "உயிருக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை. என்ன ஆச்சு, பிழைக்குமா, இப்போ என்ன பண்ணணும், மூணையும் சொல்லிட்டுத்தான் கை கழுவப் போவேன். ஆகவே அந்தச் செய்தியை இப்படி மாற்றவும்: "ஐயா, இந்தப் பக்கத்தை நீங்கள் இருவரும் திருத்தியிருக்கிறீர்கள். எதுவும் அழியவில்லை. இரண்டையும் கீழே வைத்திருக்கிறேன். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்."

என் மகளுக்கு ஆசிகள். ஒரே பக்கத்தில் இருவரும் கை வைக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: அத்தை எழுதுவது. கவரை ஒட்டும்படி சைகை காட்டி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் சொல்ற அந்தச் செய்திகள்ல ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதீங்க. அந்தப் பயத்தில்தான், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, நான் எழுதியதை இந்த மனுஷன் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டுத் தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டார்.