கோலாட்டத்தில் நான் ஓடிய ஓட்டம்

கோலாட்டம் தனியாகப் பழகக்கூடிய ஆட்டம் அல்ல. அடி கொடுக்கவும் வாங்கவும் எதிரே ஓர் ஆள் வேண்டும். எனக்கு எதிரே ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடப்பார். ஆகவே இரண்டு பேர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தரணி காலையில் வேன் ஏறினால் சாயந்திரம்தான் வருவாள்; ஆகவே பகலெல்லாம் நான் மட்டும். (அவள் வருவதற்குள் வேனை மனதுக்குள் நாலு தடவை கவிழ்த்துவிடுவேன். நேரம்தான் இருக்கிறதே.)

மார்கழி முழுக்கப் பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றால் பொங்கல் விழாவுக்கான கோலாட்டமும் சாக்கு ஓட்டமும்தான். விழாவன்று பிள்ளைகளோடு அம்மாக்களும் கோலாட்டம் ஆட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூடவே பி.டி. சார் ஒரு பிள்ளையோடு ஆடிக் காட்டும் வீடியோ. மகளோடு ஓர் ஆட்டம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வா சாமி, ரெண்டு பேரும் பழகலாம்."

"ஸ்கூல்ல ஆடி ஆடிக் கையே வலிக்குதும்மா. நீயே பழகிக்க."

பழகினேன். ஒரு கையில் பூரிக்கட்டை, மறு கையில் பருப்பு மத்து. வீடியோவில் நாலு அடிக்கு ஒருமுறை பிள்ளை ஓர் எட்டு நகர்ந்தது. ஃபிரிட்ஜ் நகராததால் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன்.

விழா வந்தது. உள்வட்டத்தில் பிள்ளைகள், வெளிவட்டத்தில் அம்மாக்கள். எனக்கு எதிரே பட்டுப்பாவாடையில் தரணி. டக், டக், டக், டக். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். அடுத்த கொட்டுக்குப் பக்கத்து அம்மாவின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பார்களாம். அம்மாக்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம். அதாவது, ஃபிரிட்ஜ் பார்த்த வேலைதான் என் வேலை. அது தெரியாமல், பிள்ளை இடம் மாறிப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். நான் இடித்ததில் பக்கத்து அம்மா அவருக்கு அடுத்த அம்மாமேல் சாய்ந்தார். என் இடத்துக்கு வந்த குழந்தை, ஆளைக் காணாமல் காற்றில் அடித்துவிட்டு ஓவென்று அழுதது. தரணி அடுத்த அம்மாவிடம் போனாள். நானும் போனேன்.

மைக்கில் பி.டி. சார் கத்தினார்: "ஏனுங்க, கத்தரிப்பூச் சேலைங்க! நில்லுங்க! இது ஓட்டப்பந்தயம் இல்லீங்க!"

"எங்கூட்டுப் புள்ளைங்க சார்!" என்று நானும் கத்தினேன். (யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.)

தரணி கோலை ஓங்கியபடியே திரும்பினாள். "அம்மா, அங்கயே நில்லும்மா. நாஞ் சுத்திட்டு உங்கிட்டதான வருவேன்."

என் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றேன். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ வந்து அடித்துவிட்டுப் போனார்கள். வட்டத்தின் அந்தக் கோடியில் எல்லா அம்மாக்களிடமும் சிரித்துக்கொண்டு தரணி வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டே அம்மாக்கள். பாட்டு முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், "உங்கம்மா ஓடுனதச் செஞ்சு காட்டு சாமி" என்பார்கள். தரணி பாவாடையை வாரிப் பிடித்து, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து ஓடுவாள். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிப்பேன். சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவளின் முகம் அது. என் முகம் அப்படி இருந்தது என்பது அவள் செய்து காட்டித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் வீடியோ காலில் அப்பாவுக்கும் செய்து காட்டினாள். ரிக் இரைச்சலுக்கு மேலே அவர் சிரிப்பு கேட்டது.

"இன்னொருக்காச் செய்யி சாமி."

செய்தாள். இந்தத் தடவை அவர் சிரிப்பு கேட்கவில்லை.

"அம்மாகிட்டப் போனக் குடு." வாங்கினேன். "சாப்டியா?"

"ஆச்சுங்க."

"மாசக் கடைசீல வாரேன்."

(போன மாசமும் இதையேதான் சொன்னார். அப்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.)