கப்பித்தானைச் சுட வந்த இத்தாலித் துவக்கு

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் உள்ள கரையில் எங்கள் கப்பித்தானைப் போல அழகாகச் செத்த மனிதர் ஒருவரும் இல்லை. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அவரைப் பதினாறு தடவை சுட்டவன் நான்.

பதறாதீர்கள். மாம்புரிக்குப் பக்கத்தில் எங்கள் கோயில் திருநாளுக்கு வருசாவருசம் ஒரே நாடகம்தான். ஊரை ஆட்டிப்படைக்கும் ஒல்லாந்தக் கப்பித்தான் ஒருவன், கடைசிக் காட்சியில் அவனைச் சுடும் மீனவன் ஒருவன். மீனவன் நான், கப்பித்தான் அவர். மற்ற நாட்களில் முச்சக்கரவண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பேக்கரிப் பாண் விற்பார். அப்போதும் "கப்பித்தான், ரெண்டு றாத்தல் பாண்" என்றுதான் சனம் கேட்கும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

அவர் சாவதற்குப் பதினைந்து நிமிசம் எடுக்கும். குண்டு பட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடையின் வலது மூலைக்குப் போவார். அங்கே சாக மனம் வராமல் இடது மூலைக்கு வருவார். முன்வரிசையிடம் மன்னிப்புக் கேட்பார், ஒல்லாந்தில் காத்திருக்கும் தாயை நினைத்து அழுவார், தண்ணி கேட்பார். ஒரு வருசம் ஒரு மனுசி பாவம் பார்த்து மேடையேறிச் சோடா கொடுத்துவிட்டாள். வாங்கிக் குடித்து, நன்றி சொல்லி, அதற்குப் பிறகுதான் செத்தார். எங்கள் ஃபாதர் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுப் பல வருசமாகிறது.

சாவில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் துவக்கில்தான். தென்னை மட்டையில் செதுக்கிக் கறுப்புப் பூசிய துவக்கு. நான் அதை நீட்டும்போது திரைக்குப் பின்னால் ஒருவர் சீனவெடி கொளுத்த வேண்டும். ஒருமுறை வெடி நனைந்துபோய்ச் சத்தமே இல்லை. நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தவர், கடைசியில் "ஐயோ, பழைய நெஞ்சுவருத்தம்" என்று தானாகவே விழுந்து நாடகத்தைக் காப்பாற்றினார். அடுத்த வருசம் வெடி முந்திவிட்டது. நான் மேடைக்கு வரும்போது ஆள் பாதி செத்திருந்தார். வந்த மரியாதைக்கு நானும் ஒருதரம் சுட்டேன்.

அதற்கு அடுத்த வருசம்தான் மனுசனுக்கு மனம் விட்டுப்போனது. நான் துவக்கை உயர்த்த, அதன் குழல் கழன்று அவருடைய சப்பாத்தில் விழுந்தது. உள்ளே முழுக்கக் கறையான். சனம் சிரித்த சிரிப்பில், பதினைந்து நிமிசச் சாவை இரண்டு நிமிசத்தில் முடித்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "தம்பி, கறையான் திண்ட துவக்கால நான் இனிச் சாகமாட்டன்."

"நாடகம்தானே அண்ணே."

"நாடகமெண்டா? எனக்கும் வயசு போகுது. ஒரே ஒரு தரம், சனம் மூச்சு விடாமப் பார்த்துக்கொண்டிருக்க, ஒழுங்கான துவக்கால செத்துட்டு ஒதுங்கிடுவன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாத."

இந்த நாட்டில் நிசத் துவக்கைப் பார்க்காத சனம் குறைவு. பொய்த் துவக்குத்தான் கிடைக்காது. நல்லகாலம், கப்பித்தானின் மனைவி மேரி அக்காவுக்கு இத்தாலியில் ஒரு தம்பி இருந்தார். எங்கள் கரையில் வீட்டுக்கு ஒரு ஆள் இத்தாலியில் இருப்பது புதினமில்லை. இவர் இருந்த ஊரிலோ அந்தக்காலத்துத் துவக்குகளை அச்சொட்டாக, ஆனால் குண்டு போகாதபடி செய்கிற பட்டறை ஒன்று இருந்ததாம். "அத்தான், என்ர அன்பளிப்பா அனுப்புறன்" என்று படமும் அனுப்பினார். வழவழவென்ற மரப்பிடி, பித்தளைப் பூண், விசையை இழுத்தால் பொறி பறக்கும். பாண் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கப்பித்தான் விடியக்காலையிலேயே அந்தப் படத்தைக் காட்டி, "இதாலதான் நான் சாகப்போறன்" என்பார். "நல்லது கப்பித்தான்" என்று சொல்லிவிட்டுச் சனம் பாணை வாங்கிக்கொண்டு போகும்.

துவக்கைப் பெட்டியில் வைக்கிற கிழமை பார்த்துக் கொரோனா இத்தாலியைப் பிடித்தது. கப்பித்தான் செய்தியைப் பார்த்துப் பார்த்து அழுதார். மச்சானுக்காக எவ்வளவு, துவக்குக்காக எவ்வளவு என்று மேரி அக்கா கண்டுபிடித்து ஏசினார்.

முதலில் பட்டறையை மூடினார்கள். பட்டறை திறந்தபோது கப்பல் இல்லை. கப்பல் கிடைத்தபோது கொள்கலன் இல்லை. கொள்கலனும் கிடைத்தபோது கப்பல் கொழும்பைத் தாண்டிச் சிங்கப்பூரில் போய் நின்றது. அதற்குள் இங்கே திருநாளும் இல்லை, நாடகமும் இல்லை. "தம்பி, என்ர சாவு சிங்கப்பூர்ல நிக்குது" என்று முகக்கவசத்துக்குள்ளால் அவர் சொன்னபோது சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று எனக்கு விளங்கவில்லை.

கொழும்புக்கு வந்து சேர்ந்தபிறகு, அது சுடாத துவக்கு என்பதற்குக் கடிதங்கள் வேண்டும் என்றார்கள். கிராம சேவகர் ஒன்று தந்தார். ஃபாதரும் மனமுவந்து ஒன்று எழுதினார்: "இத்துவக்கு வருடத்துக்கு ஒருவரை மாத்திரமே கொல்லும். அவரும் மறுநாள் பாண் விற்பார்." அந்தக் கடிதத்துக்கு விளக்கம் கொடுக்க இன்னும் சில மாதம் போனது.

ஊரடங்கிலும் பாண் வண்டிக்கு அனுமதி இருந்தது. வீடு வீடாகப் போனவரைக் கொரோனா வருத்தம் பிடித்துவிட்டது. அம்புலன்ஸ் வந்த அன்று நான் வேலிக்கு வெளியே நின்றேன். படியேறியவர் மூச்சு வாங்கத் திரும்பி, "துவக்கு வந்ததா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே."

"அப்ப பயப்படாத. துவக்கு வராம நான் சாகமாட்டன்."

மூன்று கிழமை எங்கள் வீதியில் பாண் பாட்டுக் கேட்கவில்லை. ஒக்சிசன் வைத்திருக்கிறார்கள், கதைக்க ஏலாது என்று மேரி அக்கா ஃபோனில் சொன்னார். கோயில் கேற் பூட்டியிருந்தது. அவரைப் பதினாறு தடவை சுட்ட நான் அந்தக் கேற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, அந்தத் துவக்கு இன்னும் கொஞ்சம் பிந்தட்டும்" என்று மன்றாடினேன்.

ஆள் திரும்பி வந்தார், பாதி உடம்பாக. துவக்கும் வந்தது, சொன்ன நாளுக்கு இரண்டு வருசம் பிந்தி. அந்த வருசத் திருநாளில் மேடை ஏறினோம். கப்பித்தானின் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. நான் துவக்கை உயர்த்தினேன். நல்ல பாரம். அவர் ஆசைப்பட்ட மாதிரியே சனம் மூச்சு விடாமல் இருந்தது. நானோ அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை விசைக்குப் போகவில்லை.

"சுடடா" என்றார் பல்லுக்குள்ளால்.

"ஏலாது அண்ணே."

"சிங்கப்பூர் வழியா வந்த துவக்கடா. சுடு."

துவக்கை இறக்கினேன். நாடகத்தில் இல்லாத ஒரு வசனம் என் வாயில் வந்தது. "கப்பித்தான், ஊருக்குப் போங்க. உங்கட அம்மா பார்த்துக்கொண்டிருப்பா." மேரி அக்கா முன்வரிசையில் ஓவென்று அழுதார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கப்பித்தான் என்ன செய்வதென்று தெரியாமல் வலது மூலைக்குப் போனார், இடது மூலைக்கு வந்தார், கடைசியில் முதல் தடவையாக நடந்தே மேடையை விட்டு இறங்கினார்.

ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. "என்ர நல்ல சாவொண்டை நாசமாக்கிட்டான்" என்று பாண் வாங்கியவர்களிடமெல்லாம் முறைப்பாடு வைத்தார். இப்போதும் திருநாள் நெருங்கினால் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "இந்த வருசமாவது சுடுவியா?" என்பார். "பார்ப்பம் அண்ணே" என்பேன். காலையில் அந்தப் பாண் பாட்டுக் கேட்கிற காலம் வரைக்கும் நான் அந்தத் துவக்கைத் தொடப்போவதில்லை.